உங்கள் அக்காவை நான் கேட்ட லட்சணம்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனருக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நலம் என்று எழுதத்தான் ஆசை, எழுதினால் பொய்யாகிவிடும். அங்கே உங்கள் குடும்பம் எல்லா நலமும் பெற்றிருக்கட்டும்.

புதன்கிழமை உங்கள் அக்கா பெட்டியோடு அங்கே வந்திருப்பாள். போன் செய்தால் எடுப்பதில்லை. உங்களிடம் பேச எனக்கு முகமில்லை, ஆகவே இக்கடிதம்.

முப்பத்தொரு வருஷம் மைக்கில் ரயில் அறிவிப்புச் செய்த நான், ஓய்வுக்குப் பிறகு மனநல ஆலோசகர் பயிற்சியில் சேர்ந்தது தங்களுக்குத் தெரியும். இதில் ஒரு தொல்லை: நாம் அடுத்தவர் குறையைக் கேட்டால், நாம் கேட்ட லட்சணத்தை இன்னொருவர் கேட்பார். சூப்பர்விஷன் என்று பெயர். என் சூப்பர்வைசருக்கு என் மகள் வயதுதான். ஆனால் அந்தம்மா கையெழுத்துப் போடாமல் சான்றிதழ் கிடையாது. வீட்டில் யாரையாவது ஆலோசனைக்கு வந்தவர்போல் நடிக்க வைத்து, பேச்சைப் பதிவு செய்துகொண்டு வரச் சொன்னார். தூக்கம் வராத வங்கி ஊழியை என்று ஒரு பாத்திரம் எழுதி, செவ்வாய்க்கிழமை உங்கள் அக்காவிடம் கொடுத்தேன். அவள் அந்தத் தாளை மடித்து ஆடுகிற மேஜைக்காலுக்கு அண்டை கொடுத்துவிட்டு, "என் வீட்டுக்காரர்கிட்ட எதைச் சொன்னாலும் காதுலயே போட்டுக்கமாட்டார்" என்று ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வேறு! நானும் பாடத்தில் சொன்னபடி "ம்... ம்..." என்று தலையாட்டி, "உங்க கணவர் இப்போ என்ன பண்றார்?" என்று கேட்டேன். "எதிர்ல உட்கார்ந்து தலையாட்டிக்கிட்டு இருக்கார்" என்றாள். 'கற்பனை வளம் மிக்கவர்' என்று குறிப்பு எழுதினேன்.

புதன்கிழமை அந்தம்மா பத்து நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"சார், இவங்க நடிக்கலை."

"அப்படியா? அவ்வளவு தத்ரூபமா இருக்காம்மா?"

"சார்! வீட்டுக்குப் போய் இதை முழுசாக் கேளுங்க. கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. உள்ளே அவள் பெட்டியைக் காணோம். நாலு நாளாகியும் அந்தப் பதிவைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாப்பிள்ளை, தப்பு என்னுடையதுதான். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்படியாவது சமாதானம் சொல்லி அனுப்பிவையுங்கள், புண்ணியமாகப் போகும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்த அத்தான்

பி.கு.: மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பதிவை இப்போதுதான் முழுசாகக் கேட்டேன். இருபத்திரண்டாம் நிமிடத்தில் உங்கள் அக்கா சொல்கிறாள்: "தம்பி பொண்டாட்டிக்குக் கண் ஆபரேஷன். நாளைக்குக் காலையில கிளம்புறேன். போனை ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை நாலரை பஸ்ல வந்து இறங்குவேன், கையில மூட்டை இருக்கும், மறக்காம வந்து நில்லுங்க." அதற்கு நான் கேட்டிருக்கிறேன்: "இதைச் சொல்லும்போது உங்க மனசுக்கு எப்படி இருக்கு?"

இன்று ஞாயிறு. மணி ஐந்தேகால். இதைக் கிழித்துப்போடக்கூட நேரமில்லை.