மெலாந்தியாவை நான் மொழிபெயர்த்த கதை

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் சின்னப் பொய்யோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எனக்கு முப்பத்தாறு வயதிலும் அந்தப் புத்தி இருக்கவில்லை. 2009ஆம் ஆண்டு, ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்தபடி, இரண்டாயிரத்தைந்நூறு வயதான ஒரு கிரேக்கக் கவிதாயினியை நான் பெற்றுப் போட்டேன். மெலாந்தியா என்று பெயரும் வைத்தேன்.

அப்போது நான் விமான நிலையத்தில் ஓர் அழகுசாதனக் கடையில் வேலை செய்தேன். கணவர் சிவம் ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். குழாய் வேலை. காலை ஷிப்டுக்கு பஸ்ஸில் போகும்போது நான் கவிதை எழுதுவேன், அதுவும் காதல் கவிதை. எல்லாம் சிவத்தைப் பற்றித்தான். (கல்யாணமாகிப் பதினொரு வருடத்துக்குப் பிறகு சொந்தப் புருஷனைப் பற்றிக் காதல் கவிதை எழுதுகிறாள் என்றால் எங்கள் சனம் ஏதோ வருத்தம், டொக்டரிடம் காட்ட வேண்டும் என்றுதான் நினைக்கும். அதனால் சிவத்துக்கே சொல்லவில்லை.)

அவற்றில் பத்தைத் தெரிந்தெடுத்துத் தில்லையம்பலம் மாஸ்டருக்கு அனுப்பினேன். மாஸ்டர் லண்டனில் ஒரு காலாண்டிதழ் நடத்தினார். (காலாண்டு என்பது அவருடைய கணக்கில் ஏழு மாதம்.) ஒரு கிழமை கழித்து போன் வந்தது.

"பிள்ளை, தமிழ் நல்லாயிருக்கு. ஆனா 'உன் தோளிலே பல் பதித்தேன்' எண்டெல்லாம் ஒரு குடும்பப் பொம்பிளை எழுதலாமே? சிவம் தம்பி எப்பிடி நாலு பேரின்ர முகத்திலை முழிக்கிறது?"

"அது கவிதை, மாஸ்டர்."

"அதுதான் நானும் சொல்லுறன். தாய்மையைப் பற்றி எழுதும். மழையைப் பற்றி எழுதும். அதுவும் இந்த வருஷம்..."

இந்த வருஷம் என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வருடத்தின் முதற்பாதியை, ஊரில் போரை நிறுத்தச் சொல்லி, நாங்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் றோட்டில் நின்று கழித்திருந்தோம். மே மாதத்துக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இந்த நேரத்தில் காதலைப் பற்றி எழுதலாமா என்ற கேள்வி எனக்கே இருந்தது. ஆனால் அடுத்து வந்த இதழில் மாஸ்டரே ஒரு கவிதை எழுதியிருந்தார். ஒரு மங்கையின் இடையை மூன்று பக்கத்துக்கு வர்ணித்திருந்தார். (இடை மெல்லியதாம். அதற்கு மூன்று பக்கம்!)

கோபத்தில்தான் மெலாந்தியா பிறந்தாள். கடைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு வாசனைத் திரவியத்தின் பெயரில் இரண்டு எழுத்தை மாற்றினேன். அதே கவிதைகளை எடுத்து, வேப்பமரத்தை ஒலிவமரம் ஆக்கினேன். சிவம் வேலைக்கு ஓட்டிப்போகும் வெள்ளை வானைப் பாய்மரக் கப்பல் ஆக்கினேன். வாசித்துவிட்டு மாஸ்டர் வெட்கப்படட்டும், அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லலாம் என்பது திட்டம். ஆங்கில வழியாக மொழிபெயர்த்தேன், கூட வேலை செய்யும் கிரேக்கப் பிள்ளை உதவினாள் என்று கடிதமும் வைத்தேன். அப்படி ஒரு பிள்ளை எங்கள் கடையில் இல்லை.

மூன்றாம் நாள் மாஸ்டர் போனில் அழாத குறை. "பிள்ளை, என்ன கவிதை! 'தோளிலே பல் பதித்தேன்'... அந்தக் காலத்திலேயே என்ன துணிவு பாரும்!"

"மாஸ்டர், குடும்பப் பொம்பிளை இதை..."

"மொழிபெயர்ப்பெண்டால் பிழையில்லை. அது இலக்கியத் தொண்டு. இன்னும் இருக்கே?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஓம், இருக்கு" என்றேன். புகழ்ச்சியைக் கேட்டுவிட்டால் எனக்கு உண்மை சொல்ல நாக்குப் புரளாது.

இரண்டு மாதத்தில் இருபத்துநான்கு கவிதைகள் சேர்ந்தன. ஒன்றில் முருங்கையை மாற்ற மறந்துபோனேன். "முருங்கை இலை உருவும் என் விரல்கள், உன் காலடி கேட்டதும் வேலை மறக்கும்" என்று அது அப்படியே இதழில் அச்சாகிவிட்டது. பிடிபட்டேன் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் வட்டாரத்தில் கலாநிதி ஐயா என்று ஒருவர் இருந்தார். (எதில் கலாநிதிப் பட்டம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.) அவர் ஒன்பது பக்கக் கட்டுரை எழுதினார். கிரேக்கத் தீவில் முருங்கை எப்படி வந்தது? தமிழ் வணிகர் கொண்டுபோனார்கள். ஆகவே மெலாந்தியாவின் தாயோ பாட்டியோ தமிழச்சி.

சிவமும் வாசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கோப்பையோடு வந்து, "இஞ்சரும், இந்தக் கிரேக்கப் பொம்பிளையின்ர மனுசன் குடுத்து வைச்சவன்" என்றார். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

பிறகு மாஸ்டர் புத்தகம் போடப் போவதாகச் சொன்னார். அட்டையில் மெலாந்தியா பெரிய எழுத்தில், உள்ளே 'தமிழில்' என்று என் பெயர் எறும்பளவில். "முதல் கவிதைக்காவது கிரேக்க மூலம் போடவேணும், பிள்ளை. நாளைக்குள்ளை அனுப்பும்."

நாளைக்குள் கிரேக்கத்துக்கு எங்கே போவது? எங்கள் கடையில் விற்கும் கால்முடி அகற்றும் கிரீமின் இணையதளத்தில் பாவனை விதிகள் பன்னிரண்டு மொழிகளில் இருந்தன. கிரேக்கத்தைப் பிரதியெடுத்தேன். ஒரு வரியை மூன்றாக உடைத்தேன். பார்வைக்குக் கவிதை போலவே இருந்தது. (நாங்கள் தமிழிலும் அப்படித்தானே செய்கிறோம்?) அப்டன் பார்க்கில் நடக்கும் வெளியீட்டுக் கூட்டத்துக்குக் கிரேக்கம் தெரிந்தவன் எவன் வரப்போகிறான்?

வந்தார். மாஸ்டரின் பக்கத்து வீட்டுக்காரர், ஆந்திரேயாஸ், சைப்பிரஸ்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. என்னை மகிழ்விக்க மாஸ்டர் ஒழுங்கு செய்த இன்ப அதிர்ச்சி அது.

சேலைக் கடைக்கு மேலே இருந்த மண்டபம். நான்கு மணிக் கூட்டம் ஐந்தரைக்குத் தொடங்கியது. கோட் சூட்டில் வந்திருந்த ஆந்திரேயாஸின் கையில் மாஸ்டர் புத்தகத்தைக் கொடுத்து, மூலத்தை வாசிக்கச் சொன்னார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். அவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்த மாஸ்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மனிதருக்குக் கோயில் மணி மாதிரிக் குரல். வாசித்து முடித்ததும் கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் பிடித்தது. கலாநிதி ஐயா கைக்குட்டையை எடுத்தார்.

"இனி ஆங்கிலத்தில் பொருளையும் சொல்லுங்கள்" என்றார் மாஸ்டர்.

"நிச்சயமாகவா?" என்று ஆந்திரேயாஸ் கேட்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மாஸ்டர் தமிழில் முழங்கினார்.

"உலர்ந்த கால்களில்... தடிப்பாகப் பூசுக! தேய்க்காதே! ஐந்து நிமிடம் காத்திரு! கண்களில்... படவிடாதே!"

மாஸ்டரின் குரல் கடைசிச் சொல்லில் இறங்கியது. சனம் ஒருவரையொருவர் பார்த்தது. கலாநிதி ஐயா மட்டும் எழுந்தார். "கண்களில் படவிடாதே! ஊரார் கண்ணுக்கு மறைத்த காதல்! இது எங்கட களவொழுக்கம் அல்லவோ?"

ஆந்திரேயாஸுக்கு அதையும் யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் மிகுந்த மரியாதையோடு, "ஐயா, இது கால்முடி கிரீம். என் மனைவி பாவிக்கிறவள். நீலப் பெட்டி" என்றார்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அச்சகத்தின் பிழை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் பழைய கோபம் வந்துவிட்டது.

"மெலாந்தியா எண்டு ஒருத்தியும் இல்லை. இருபத்துநாலும் நான்தான் எழுதினனான். முதல் பத்தும் உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பினது, மாஸ்டர். நீங்கள்தான் மழையைப் பற்றி எழுதச் சொன்னீங்கள்."

ஒரு வீராங்கனை போலத்தான் சொன்னேன். அதன் பின்விளைவை யோசிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண்மணி சத்தமாகக் கேட்டார்: "அப்ப அந்தத் தோள் ஆரின்ர தோள்?"

அத்தனை தலையும் என்னைவிட்டு மூன்றாம் வரிசைக்குத் திரும்பியது. சிவம் பாதி மட்டன் ரோல்ஸை வாயில் வைத்தபடி இருந்தார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார்.

கூட்டம் நன்றியுரை இல்லாமலே கலைந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை நாலு பிரதிதான் விற்றிருந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாம் போய்விட்டன. வாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். காசைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் சிவம் றோட்டையே பார்த்து ஓட்டினார். நான் அழத் தயாராக இருந்தேன். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டார்:

"அந்தக் கப்பல் என்ர வானே?"

"ஓம்."

"'துருவேறிய கப்பல்' எண்டு எழுதியிருக்கிறீர். போன கிழமைதானே பெயின்ட் அடிச்சனான்?" அப்படிச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், பச்சை விளக்கு வந்ததும் பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்ததும் எங்களுக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. கலாநிதி ஐயா தன் கட்டுரையை இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை. பிறகு ஒருநாள் துணிந்து, புதிதாக எழுதிய ஐந்து கவிதைகளை என் சொந்தப் பெயரில் மாஸ்டருக்கு அனுப்பினேன். இரண்டே வரியில் பதில் வந்தது: "கவிதைகள் பரவாயில்லை. ஆனால் மெலாந்தியாவின் பாதிப்பு தூக்கலாகத் தெரிகிறது. சொந்தமாக எழுதிப் பழகவும்."

சிவம் அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் குற்றத்துக்கும் ஆள் தயார். கறி அடிப்பிடித்தால் மெலாந்தியா. கார்த் திறப்பைக் காணவில்லை என்றால் மெலாந்தியா. போன கிழமை மகள் ஒரு தொட்டி எச்சில் பாத்திரத்தை விட்டுவிட்டு வெளியே கிளம்பினாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் இல்லை அம்மா, அவதான்" என்றாள், சப்பாத்தை மாட்டியபடி. "பாவம், வயசு போன மனுசி. நீங்களே கழுவி விடுங்கோ."

கழுவினேன். பெற்றவள் நான்தானே.