ஒருவரும் பயப்படவில்லை என்பதற்கான சான்று

பிஷ்கெக் நகரில், ஐந்தாவது மாடியில், சகல சௌகரியங்களோடும் வாழ்கிற என் மதிப்பிற்குரிய சால்கின் அக்கா அவர்களுக்கு, கோச்கோருக்கு மேலே நீங்கள் பிறந்த அதே வீட்டிலிருந்து தம்பி துர்தாகுன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், பாத்மா, மகள் நுர்சாத், இரண்டு பசுக்கள், ஒரு குதிரை, பதின்மூன்று ஆடுகள் எல்லோரும் நலம். பதினான்காவது ஆட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே நீங்களும் அத்தானும் நலமா, கால்நடைகள் நலமா? உங்களிடம் கால்நடை கிடையாது, ஒரு பூனைதான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்கினால் கை ஓடமாட்டேன் என்கிறது. பூனை நலம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். வசந்தத்தில் நீங்கள் இங்கு வந்திருந்தபோது, நுர்சாத் எடுக்கும் பேய்ப் படத்தைப் பற்றிச் சாப்பாட்டு விரிப்பில் ஒரு ஒப்பந்தம் ஆனது நினைவிருக்கும். "ஊருல ஒரே ஒரு ஆளு நெசமாப் பயந்தாப் போதும், அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு என் மருந்துக் கடைக்கு வந்துடணும்" என்றீர்கள். அவளும் ரொட்டியைக் கையில் எடுத்துச் சத்தியம் செய்து, "சரி அத்தை" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் மாட்டு டாக்டராக இருந்தவன், நோயுள்ள ஆட்டுக்கு ஒருநாளும் நல்ல சான்று கொடுக்காதவன் என்று என்னைச் சாட்சியாக வைத்தீர்கள். போனில் சொன்னால் செல்லாது, எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்றீர்கள். அதன்படி நேரில் கண்டு ஆய்வு செய்ததை, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

படத்தின் கதை இதுதான். நான்கு பேர் கோடையில் மேய்ச்சல் மலைக்குப் போகிறார்கள். அங்கே செம்பு நகம் வைத்த ஒரு பெண் பிசாசு அவர்களை ஒவ்வொருவராகக் கொண்டு போய்விடுகிறது. அவர்கள் கையில் இருந்த கேமரா மட்டும் பிறகு கிடைக்கிறது, அதில் இருந்ததைத்தான் நாம் பார்க்கிறோம் என்று பாவனை. அதனால் படம் முழுக்க ஆடுகிறது, சாய்கிறது, பாதி நேரம் யாருடைய முழங்காலோ தெரிகிறது. இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று நுர்சாத் சொல்கிறாள். இளைஞர் மூவரும் அவளுடைய சிநேகிதர்கள், வயதான மேய்ப்பன் நான். எனக்கு முதலில் வேறொரு பெயர்தான் வைத்தாள். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஏழு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் துர்தாகுன் என்றே வைத்துவிட்டாள். எல்லாக் குழப்பத்துக்கும் வித்து அதுதான்.

போன சனிக்கிழமை மாலை பண்பாட்டு மன்றத்தில் படம் போட்டோம், ஊரே வந்திருந்தது. நுர்சாத் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் திரையைப் பார்க்கவில்லை, எல்லோருடைய பின்னந்தலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓரத்தில் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். முதல் கால் மணி நேரத்தில் குதிரைக்காரர் மோல்தோபாய் எழுந்து, திரையில் வரும் பெண்ணிடம், "குதிரையக் கட்டாமப் போறியே, அறிவிருக்கா?" என்று கத்தினார். அவள் கேட்கவில்லை என்று அவருக்கு மிகவும் வருத்தம். பின்னால் இருந்தவர்கள் கேமராவைக் கையை ஆட்டாமல் பிடிக்கச் சொன்னார்கள். பிசாசு வந்ததும், "அட, நம்ம பக்கத்து வீட்டு மருமக பெகிமாய்" என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் மாமியார், பால் கறக்கும் நேரத்தில் இவள் எங்கே போனாள் என்று ஆறு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தாளாம், இப்போதுதான் விடை கிடைத்தது. அந்தச் செம்பு நகங்கள் எங்கள் பழைய தண்ணீர் மோட்டாரின் கம்பிச் சுருளை உரித்துச் செய்தவை என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நடுவில் பயம் போலத் தோன்றிய சில விஷயங்கள் நடந்ததை மறைக்க மாட்டேன், ஆனால் ஒவ்வொன்றையும் தீர விசாரித்தேன். மோல்தோபாய் திடீரென்று எழுந்து வெளியே ஓடினார். படத்தில் அவிழ்ந்த குதிரையைப் பார்த்ததும் தன் குதிரையைக் கட்டினோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கட்டவில்லைதான், அது அஞ்சல் அலுவலகத் தோட்டத்தில் முட்டைக்கோஸ் தின்றுகொண்டிருந்தது. கடைக்கார ஷாய்ர்குல் வீலென்று அலறினாள். அது அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்ததால். சுகாதாரப் பணியாளர் சபீரா இருக்கையிலிருந்து எழுந்து, பையிலிருந்து காய்ந்த அர்ச்சா மரக் கிளையை எடுத்துக் கொளுத்தி, கெட்டதை ஓட்டும் புகையை வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு போனாள். இதைப் பயத்தில் சேர்க்கலாமே என்று நீங்கள் நினைப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், சேர்க்க முடியாது. அவள் தடுப்பூசி போடும் முன்பும் அதைத்தான் செய்கிறாள். புகை மண்டபம் முழுக்கப் பரவித் திரையே தெரியாமல் போனபோது, மலையில் மூடுபனி எவ்வளவு தத்ரூபமாக வந்திருக்கிறது, வாசனைகூட வருகிறதே என்று மக்கள் பாராட்டினார்கள். நுர்சாத்திடம் இதைச் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

இனி ஆட்டுக்கு வருகிறேன். நம் சித்தப்பா மகன் ஜுமாதில் ஆற்றுக்கு அப்பால் இருந்து தாமதமாக வந்து வாசலிலேயே நின்று பார்த்திருக்கிறான். அவன் வந்த நேரம் படத்தின் கடைசி நேரம். நான் ஓடுகிறேன், விழுகிறேன், கத்துகிறேன், பிறகு வெறும் புல் தெரிகிறது. அதன்பின் கறுப்புத் திரையில், "துர்தாகுன் இன்றுவரை திரும்பவில்லை" என்று எழுத்து வருகிறது. சாவுச் செய்தியை நம் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சொந்தங்களைத் திரட்டி உட்கார வைத்து, காணாமல் போன குதிரை, கிளம்பிப் போன பறவை என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வோம். ஜுமாதில் பார்த்தான். ஊரே உட்கார்ந்திருக்கிறது, புகை போட்டிருக்கிறது, கடைசி வரிசையில் மகள் சுவரில் சாய்ந்து நிற்கிறாள், திரையில் என் சாவைச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள். ஓரத்தில் புகைக்குள் நான் உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே வராமலே திரும்பிப் போய், ஆற்றுக்கு அப்பால் உள்ள சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் முப்பது ஆண்கள் வாய்விட்டு அழுதுகொண்டு வரும் சத்தம் கேட்டது. அழுகை வீட்டை நோக்கி வரும்போது யார் செத்தது என்று விசாரித்துக்கொண்டு நிற்பது முறையல்ல, முதலில் அழ வேண்டும், அதுதானே நம் வழக்கம். வீட்டில் ஆண் நான் ஒருவன்தான். இடுப்புக் கச்சையைக் கட்டி, தொப்பியை மாட்டி, கோலை ஊன்றி வாசலில் நின்று, "என் ஈரக்குலையே" என்று நானும் குரல் கொடுத்தேன். யாருக்கு என்று தெரியாது. உங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணி உண்மையாகவே அழுதேன் அக்கா, அதற்கு மன்னிக்கவும். ஜுமாதில் கண்ணைத் திறக்காமல் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான், என் தோள் நனைந்துவிட்டது. அவன் காதில் மெதுவாகக் கேட்டேன்.

"யாருக்குப்பா?"

"உங்களுக்குத்தாண்ணே."

பிறகு அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். எப்படி நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியாததால் இன்னும் கொஞ்ச நேரம் அழுதோம். பின்னால் நின்ற இருபத்தொன்பது பேரும் நாங்கள் அழுவதைப் பார்த்து அழுதார்கள். அதற்குள், கூட வந்திருந்த ஜுமாதிலின் மனைவி நேராக அடுக்களைக்குள் போய், மாவு பிசைந்துகொண்டிருந்த பாத்மாவுக்கு எதிரே உட்கார்ந்து என்னைப் பற்றி ஒப்பாரி எடுத்துவிட்டாள். நான் சிங்கமாம், என் கோடாரி விழுந்த இடமெல்லாம் விறகாம். பாத்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பாடுற, ஆனா அவரு ஒருநாளும் விறகு வெட்டினதில்ல" என்றாளாம். அழுதுகொண்டு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? பதினான்காவது ஆடு போயிற்று.

சாப்பிட்டு முடித்ததும், எதற்காக அழுதோமோ அதையாவது பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். கூடத்து டிவியில் போட்டுக் காட்டினோம். நுர்சாத்துக்கு முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது, இவர்களாவது பயப்படுவார்கள் என்று. ஒருவரும் பயப்படவில்லை. நான் விழும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, எந்தக் கால் முதலில் தடுக்கியது என்று வாதாடினார்கள். "சாகுறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாம்" என்று மட்டும் ஜுமாதில் சொல்லிவிட்டுப் போனான்.

ஆகவே அக்கா, கையெழுத்திட்டுச் சொல்கிறேன். இந்த ஊரில் கத்தியவர் உண்டு, ஓடியவர் உண்டு, அழுதவர் முப்பது பேருக்கு மேல் உண்டு. பயந்தவர் ஒருவரும் இல்லை. ஒப்பந்தத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இதை நுர்சாத்திடம் படித்துக் காட்டினேன். அவள் கேமராவைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள், பையில் துணி அடுக்கத் தொடங்கினாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. வரும் திங்கட்கிழமை மினிபஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அவளுக்கு நெய் அதிகம் ஒத்துக்கொள்ளாது, காலையில் எழுப்புவதும் கஷ்டம், மற்றபடி நல்ல பெண்.

உங்கள் வீட்டில் சமோவர் கொதி குறையாமலும், விரிப்பில் ரொட்டி தீராமலும், அத்தானுக்கு முழங்கால் வலி இல்லாமலும், பூனைக்கு நீண்ட ஆயுளும் அமைய வேண்டி,

உங்கள் அன்புத் தம்பி,
துர்தாகுன், கால்நடை மருத்துவர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு கிழித்து இதைச் சேர்க்கிறேன். ஊரில் எல்லோரையும் விசாரித்த நான் ஒரு ஆளை மட்டும் விசாரிக்கவில்லை. அக்கா, அந்தக் கடைசிப் புல்லை எடுத்தபோது நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து தயிர்க்கட்டி தின்றுகொண்டிருந்தேன். அப்படி இருந்தும், மண்டபத்தில் அந்தப் புல் திரையில் ஆடிக்கொண்டே இருந்தபோது, நான் இல்லாத இடத்தை முதல்முறையாகப் பார்த்தேன். புல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பாத்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், திரையில் என்னைத் தேடினாள். அன்றிலிருந்து தொழுவத்துக்குத் தனியாகப் போகவில்லை, வாளி பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி நுர்சாத்தை உடன் கூட்டிப் போகிறேன். எருமை போன்ற காளைகளுக்கெல்லாம் மூக்கணாங்கயிறு போட்டவன் இதை எப்படி வெளியே சொல்வது என்று கூசித்தான் மேலே உள்ளதை எழுதினேன். நெசமாப் பயந்தேன் அக்கா. இதற்கும் என் கையெழுத்து, என் பழைய முத்திரையும் வைத்திருக்கிறேன். நுர்சாத்திடம் சொல்லியாயிற்று. துணியை அப்படியே போட்டுவிட்டு நோட்டும் பேனாவுமாக என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், "எந்த எடத்துலப்பா? புல்லு ஆடத் தொடங்கினப்பவா, நின்னப்பவா? சரியாச் சொல்லுங்க" என்று நாலாவது தடவையாகக் கேட்கிறாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மருந்துக் கடைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.