நினைத்த வேலைக்கும் கணக்கு

இனிமேல் இந்த வீட்டில் தலையாட்டுவதில்லை என்று கோகிலன் முடிவெடுத்தான். பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எடுத்த முடிவு. ஆனாலும் முடிவு முடிவுதான்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமையால் வந்த வினை. திங்கட்கிழமை மாமியார் வருகிறார். அதற்குள் கணவன் மனைவி இருவரில் ஒருவர் ராசா ஊரிலுள்ள வீட்டிலேயே கிடந்து பின்பக்கத்து லோங்காங் சாக்கடையில் அடைத்த சேற்றை வாரவேண்டும். வாரம் முழுக்க அதிகம் உழைத்தவர் கடலோர ஜெராமுக்குப் போய் நண்டு சாப்பிடலாம்.

ரவாங் தொழிற்சாலையில் கோகிலன் டெக்னீஷியன். அங்கே பைத்தன் கணினிமொழி வகுப்பில் கலப்பெண் என்ற கணக்கு பழகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. போதாதா? சனிக்கிழமை மாலை மடிக்கணினியைத் திறந்தான். தோட்டத்து மண்டோர் விடியலில் ஆள் கூப்பிடுவாரே, அதே தோரணை.

“விஷாலினி! பெரட்டுக்கு வா!”

“அடுப்புல ரசம் கொதிக்குது. மண்டோர் இங்க வரட்டும்.”

மண்டோர் அடுப்படிக்குப் போனார்.

“இங்க பாரு, கலப்பெண். ஒரே எண்ணுக்கு ரெண்டு பகுதி. செஞ்ச வேலை முன்னால. செய்யணும்னு நெனச்ச வேலை பின்னால, அதுக்கு வாலா ஒரு j. நான் அஞ்சு செஞ்சேன், பன்னெண்டு நெனச்சேன். 5+12j.”

“நான்?”

“என் கண்ணுல பட்டது ஒம்பது. நெனச்சதா நீ ஒண்ணும் சொல்லல. 9+0j.”

“சரி, எது பெருசு?”

தட்டினான். கலப்பெண்களில் பெரிது சிறிது பார்க்க முடியாது என்று பைத்தன் கையை விரித்துவிட்டது.

“புருஷன் பொண்டாட்டி சண்டையில தலையிடக் கூடாதுன்னு மெஷினுக்கே தெரியுது லா!”

“அதுக்கும் வழி இருக்கு. abs போட்டா மொத்த அளவு வந்துரும்.” அவனுக்குப் பதின்மூன்று. அவளுக்கு ஒன்பது. “ஜெராம் எனக்கு!”

“நெனச்சதும் கணக்குத்தானா?”

“கணக்குத்தான்! யாருக்காகவும் மாத்த மாட்டேன்!”

“அப்ப எனக்கு நாப்பது போடுங்க.”

“நாப்பதா! அப்படி என்ன நெனச்ச?”

“விளக்குமாத்தால உங்கள நாலு சாத்து சாத்தணும்னு. இந்த வாரம் மட்டும் நாப்பது தடவை. எண்ணி வெச்சிருக்கேன்.”

“அதெல்லாம் ஒரு வேலையா?”

“செஞ்சு காட்டவா?”

விரல் தானாகத் தட்டியது. 9+40j. abs. நாற்பத்தொன்று.

ஞாயிறன்று விஷாலினி அக்கா ரூபினியோடு ஜெராமுக்குக் கிளம்பினாள். கோகிலன் முழங்கால் சேற்றில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். தோற்றாலும் விதியை மாற்றினானா? மாற்றவில்லையே!

நண்பகலில் கைப்பேசி சிணுங்கியது. விஷாலினி எழுதியிருந்தாள்: “உங்களுக்கும் நாலு நண்டு கட்டிட்டு வரணும்னு நெனச்சேன். 4j.”