அறுபத்திரண்டாவது வளைவில் ஒரு பலாப்பழம்

வாயில்லாப் பூச்சியால் யாருக்கும் கெடுதல் வராது என்று நம்புகிறவர்கள் என் கதையைக் கேட்க வேண்டும். சபையில் ஒரே ஒரு தடவை வாய் திறந்து, என் வீட்டுக்காரரை மலையிலிருந்து கீழே இறக்கிவிட்டவள் நான்.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் தையல் தைக்கிறேன். படிப்பு பத்தாவது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்களால் என் வாயிலிருந்து நாலு வார்த்தை பிடுங்க முடியாது. (கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதைக்கூட விரலால்தான் கேட்பேன்.) என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். தனியார் பஸ்ஸில் டிரைவர். மேலேயிருந்து காளப்பநாயக்கன்பட்டிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பேசிக்கொண்டேதான் இறங்குவார்.

எங்கள் மகள் மோகனா நர்சிங் படிக்கப் போனதும், பள்ளியில் அவளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தது. கேம் செய்வது எப்படி என்று போனில் ஒரு வீடியோ தற்செயலாகக் கண்ணில் பட்டது. பேச வேண்டியதில்லை, யாரையும் பார்க்க வேண்டியதில்லை. எனக்கென்றே கண்டுபிடித்த தொழில் போலிருந்தது. மதியம் தையல் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகினேன். ஒரு சின்னக் கட்டம் நான் சொன்னபடி இடது பக்கம் நகர்ந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் மோகனா பிறந்த அன்றுகூட வரவில்லை. (அவள் இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியம்தான்.)

அவள்தான் ஏற்றிவிட்டாள். "ஏம்மா, இப்பெல்லாம் ஒத்தை ஆளே கேம் செஞ்சு விக்கறாங்க. நீயும் ஒரு கம்பெனி ஆரம்பிச்சுரு."

ஆரம்பித்தேன். துணி வெட்டும் மேசையின் ஒரு மூலைதான் கம்பெனி. முதலாளி, தொழிலாளி, வாட்ச்மேன் எல்லாம் நானே. முதல் கேம் என்ன என்பதில் குழப்பமே இல்லை. எங்கள் பஸ், எங்கள் வளைவுகள், இறங்குகிற வழி.

இங்கேதான் என் தையல் புத்தி குறுக்கே வந்தது. தையல்காரிக்கு அளவுதான் சாமி. கை அரை அங்குலம் பிசகினால் ஜாக்கெட் போச்சு. அதே பக்தியோடு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பதினோரு ட்ரிப் போனேன். எந்த வளைவில் எத்தனை ஹாரன், எங்கே கியர் மாற்றுகிறார், எங்கே நிறுத்துகிறார், என்ன பேசுகிறார் எல்லாவற்றையும் ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டிலேயே குறித்துக்கொண்டேன். ஒன்றைக்கூட விடவில்லை. விட்டிருக்கலாம்.

கேம் முடிந்ததும் அவரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மேலே எழுபதாவது வளைவில் தொடங்கி அறுபத்து நான்கு வரை ஓட்டினார். "ஹாரன் அப்படியே நம்ம வண்டியாட்டவே இருக்குது புள்ள" என்று கண் கலங்கினார். அப்புறம் பசிக்கிறது என்று எழுந்து சாப்பிடப் போய்விட்டார். முழுக்க ஓட்டிப் பாருங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சம். (கட்டின புருஷனிடமே கூச்சம்! இன்னும் இரண்டே வளைவு ஓட்டியிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.)

ஆயுத பூசை வந்தது. காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் முதலாளியின் ஷெட்டில் பூசை. வாழைக்கன்று கட்டிய பஸ், வரிசையாக ஸ்பேனர்கள், பொரி, பூசணிக்காய். ஸ்பேனர்களுக்கு நடுவில் என் லேப்டாப்பும் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. "இதுவும் ஆயுதந்தானே புள்ள" என்று அவரே தூக்கி வந்து வைத்திருந்தார்.

"இதென்ன டிரைவரே, லேப்டாப்புக்குமா பூசை?" என்று முதலாளி கேட்டார்.

"நம்ம ஊட்ல கேம் கம்பெனி வெச்சிருக்காங்கங்க. நம்ம வண்டிதானுங்க கேமு!" என்றார் என் வீட்டுக்காரர், மார்பை நிமிர்த்தி.

"அப்படியா தங்கச்சி? எங்க, பாக்கலாம்."

முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னால் கண்டக்டர், மெக்கானிக், மற்ற வண்டி டிரைவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் தூணுக்குப் பின்னால்.

முதலாளி நன்றாகவே ஓட்டினார். "அட, ஓரக் கல்லுகூட இருக்குதுங்களே!" என்று ரசித்தார். அறுபத்திரண்டாவது வளைவு வந்தது. அங்கே ஒற்றையடிப் பாதையிலிருந்து ஒரு பெண் பலாப்பழத்தோடு கையைக் காட்டினாள். 'நிறுத்தினால் பத்துப் புள்ளி' என்று வந்தது. அந்த இடத்தில் ஸ்டாப்பே கிடையாது. ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. ஆனாலும் கேம்தானே, நிறுத்தினார். 'பழத்தை மேலே ஏற்றினால் இன்னும் ஐந்து.' ஏற்றினார். 'பாதையில் இன்னொருவர் வருகிறார். காத்திருக்கவும்.' காத்திருந்தார். திரை மூலையில் கடிகாரம், தாமதம் என்று சிவப்பாகிவிட்டது. உடனே ஒரு பட்டன் முளைத்தது: மூடுபனி.

"இது என்ன பட்டனுங்க தங்கச்சி?"

நான் தூணோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். முதலாளி அமுக்கினார். திரையில் சுள்ளென்று வெயில். அதன் மேல் நான் ஆசையாகத் தைத்து வைத்த வரிகள்:

'"ஒரே பனிங்க மொதலாளி, ரோடே தெரியல" என்று சொல்லிவிட்டீர்கள். தாமதம் மன்னிக்கப்பட்டது.'

கண்டக்டர் ஏற்கெனவே உடைத்த பூசணிக்காயை எடுத்து மறுபடியும் உடைக்கப் போனார்.

முதலாளி நல்ல மனிதர். எனக்கு ஒரு வழி விட்டார். மெதுவாகத் திரும்பி, "இதெல்லாம் கேமுக்காவ நீங்களா சேத்துனதுதானுங்களே, தங்கச்சி?" என்றார்.

தலையை ஆட்டினால் போதும். பிறந்ததிலிருந்து நான் செய்து வருவது அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஆமான்னு சொல்லு சாமி, ஆமான்னு" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கெஞ்சினார்.

ஆனால் என் காதில் விழுந்தது வேறு. நான் எடுத்த அளவு தப்பு என்கிறாரே!

"இல்லீங்க!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "ஒண்ணுகூட நானா சேக்கலீங்க. பதினோரு ட்ரிப்பு நேர்ல பாத்து அளவெடுத்ததுங்க." அத்தோடு விட்டேனா? பையிலிருந்த நோட்டையும் எடுத்து நீட்டினேன்.

முதலாளி நோட்டைப் புரட்டித் தேதிகளைப் பார்த்தார். "ஏன் டிரைவரே, சித்திரை மாசத்துலயுமா பனி? நானும் நம்புனனே!"

அடுத்த வாரமே என் வீட்டுக்காரரைச் சேந்தமங்கலம் – நாமக்கல் ரோட்டு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். பலகை மாதிரி ரோடு.

அவர் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "ஏம்புள்ள, இருவது வருசம் பேசாம இருந்தியே, இன்னும் ஒரு நிமிசம் இருந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

ஒருநாள் அவரோடு நானும் கீழே போக வேண்டியிருந்தது. அவர் ஓட்டிய அதே பஸ். அவர் இப்போது அதில் பயணி. புது டிரைவர் நேரம் தவறாதவர். அறுபத்திரண்டாவது வளைவில், பாதையிலிருந்து வேகவேகமாக இறங்கி வந்த ஒரு பெண் கையைக் காட்டினாள். காலடியில் ஒரு மிளகு மூட்டை. பஸ் நிற்கவில்லை. 'நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. என்றைக்கோ வரக் கூடாத இடத்தில் வந்த சத்தம், அன்றைக்கு வரவில்லை. பக்கத்தில் பார்த்தேன். அவருடைய வலது கால் பஸ் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் ஏது? பின்னால் அந்தப் பெண்ணின் கை மெல்ல இறங்கியது.

கேமை நான் யாருக்கும் விற்கவில்லை. கடிகாரத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டேன். லீவு நாளில் அவர் சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மோகனா லீவுக்கு வந்திருந்தால், வீட்டுக்கு வருகிற யாரையும் விடுவதில்லை. "எங்கம்மா கம்பெனியில ஒரே டிரைவரு எங்கப்பாதானுங்க. சம்பளம் கெடையாது. ஆனா எங்க வேணும்னாலும் நிப்பாட்டிக்கலாமுங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அவர் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தி, "சித்த இருங்க, ஏறிக்கட்டும்" என்பார்.