வண்டு காட்டிய ஆள்

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று நாளாக லிஃப்டில் இடம் கிடைக்கவில்லை. வண்டு சாமி கோதண்டம் வந்திருந்தார். அரிசியில் வண்டு விழுந்தால் செய்வினையாம். வைத்த ஆள் யாரென்று வண்டே நடந்துபோய்க் காட்டுமாம். வாட்ஸ்அப் குழுவில் இதை முதலில் பரப்பியவர் செல்வகுமார். ஐ.டி. கம்பெனியில் டெஸ்டர், ஊரான் எழுதிய புரோகிராமில் ஆயிரம் ஓட்டை கண்டுபிடிப்பவர். இதில் ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை.

ஹேமாவதி வீட்டு அரிசியிலும் வண்டு. வராமல் என்ன செய்யும்? தள்ளுபடி என்று இருபத்தைந்து கிலோ மூட்டையை வாங்கிப் போட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஆறு மாதமாக பிரியாணி ஆர்டர் செய்தால், அரிசியை யாராவது தின்ன வேண்டாமா?

"யார் மேலம்மா சந்தேகம்?" என்றார் சாமி.

"வேலை செய்யுற வேம்புலியம்மா மேலதான் சாமி. வெளியாளு அவங்க ஒருத்தர்தான் உள்ள வர்றாங்க."

சாமி வேம்புலியம்மாளைச் சமையலறை வாசலில் நிறுத்தினார். ஜன்னல் திரைகளை மூடச் சொன்னார். வெள்ளைத் துணியில் அரிசியைப் பரப்பி, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தன் பக்கத்தில் விளக்கை வைத்தார். தெய்வீக ஒளிதான், ஆனால் விளக்கின் பின்னால் சார்ஜர் சொருகும் ஓட்டை இருந்தது. வண்டுகள் வேம்புலியம்மாள் பக்கம் நடந்தன. வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நாளையிலேர்ந்து வராதீங்க" என்றாள் ஹேமாவதி.

அந்தக் குடியிருப்பில் வேம்புலியம்மாளுக்கு ஏழு வீடு. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும், சாயங்காலத்துக்குள் ஏழும் போய்விடும். அவளுக்குக் கோபம் வந்தது.

"இரும்மா. நானும் எத்தினி வருசமா அரிசி பொடைச்சிகினு கீறேன். வெயில்ல கொட்னா வண்டு நெயலப் பாத்து ஓடும். சாமி, அந்த லைட்ட ஒரு தபா இப்டி குடு."

"தொடாதே, சக்தி போயிடும்."

"மாத்தி வச்சாலும் அவங்ககிட்டதானே போகணும்?" என்றார் கூட்டத்தில் நின்ற செல்வகுமார். மனிதருக்கு அப்போதுதான் தன் உத்தியோகம் ஞாபகம் வந்தது.

வேம்புலியம்மாள் விளக்கை எடுத்துத் தன் காலடியில் வைத்தாள். வண்டுகள் தயங்கின, திரும்பின, நேராகச் சாமியை நோக்கி நடந்தன. ஒன்று அவர் வேட்டியில் ஏறியது.

"இப்போ சொல்லு நைனா, வச்சது ஆரு?"

சாமி படிக்கட்டு வழியாக இறங்கிப் போனார். லிஃப்டில் அவரைப் பார்க்க வந்த கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வந்துடுங்க" என்றாள் ஹேமாவதி, தலையைக் குனிந்தபடி.

"வர்றேன். அரிசிய மாடில நீயே கொண்டாந்து கொட்டு. கொஞ்சமா வாங்கு, வாங்குனத ஆக்கித் துன்னு."

வெளிச்சத்தைக் கண்டால் இருட்டைத் தேடி ஓடுவது வண்டின் குணம். அதைக் குறை சொல்ல முடியாது. படித்தவர்களே, உங்களுக்கு என்ன வந்தது?