யானைச் சாணத்தில் என் கடைப் பெயர்

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் பால்ராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை வேலுத்தாயின் வீட்டுக்காரன் பாண்டியராஜன் வணங்கி எழுதுவது. மழை விட்டு அங்கே ஏலக்காய் எடுப்பு நடக்கும் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். உங்கள் எஸ்டேட்டில் டவர் எடுக்காததால் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் காலை ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் மகள் பவதாரணிக்கு நீங்கள் சொன்ன வரன், தேவாரத்தில் காட்டிலாகா வனவராக இருக்கும் மாரீஸ்வரன், ஞாயிற்றுக்கிழமை தாயாரோடு பெண் பார்க்க வந்தார். கேசரி வைத்தோம். "நம்ம மளிகைக் கடையைக் கேள்விப்பட்டிருப்பீக" என்று ஆரம்பித்தேன்.

"கேள்விப்படலை மாமா, படிச்சிருக்கேன்."

"எங்க தம்பி?"

"யானைச் சாணத்துல."

அந்தம்மா கேசரியைக் கீழே வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். தோட்ட வேலைக்குப் போகிற சனம் அரிசி, உப்பு, வெல்லத்தை நம் கடைப் பெயர் அச்சடித்த மஞ்சள் பிளாஸ்டிக் கவரில் மலைக்குக் கொண்டுபோய், காலியானதும் சரிவில் வீசுகிறது. உப்பு வாசத்துக்கு ஒரு யானை கவரையும் சேர்த்துத் தின்று நாலு நாள் எழுந்திருக்கவில்லையாம். அரசாங்கம் பிளாஸ்டிக்குக்குத் தடை போட்ட பிறகும் ஏன் கவர் என்கிறார் மாரீஸ்வரன். இனாம் கவர் இல்லையென்றால் சனம் எதிர்த்த கடைக்குப் போகும் என்பது, தலையில் மூட்டை சுமந்து கடை வைத்த எனக்குத்தானே தெரியும். ஆனாலும் பாருங்கள், வியாபாரி புத்தி முந்திக்கொண்டது. "எழுத்து அழிஞ்சிருந்துச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு எழுத்து அழியலை மாமா. போன் நம்பர்கூட நல்லாத் தெரிஞ்சுச்சு."

பெருமையாக வேலுத்தாயைப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையை எழுத முடியாது.

தலை குனிந்து காபி கொடுக்க வேண்டிய பவதாரணி, "யானை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். "எந்திரிச்சு மேயுதுங்க" என்றார். அதன்பின் அரை மணி நேரம் யானை வயிற்றைப் பற்றியே இருவரும் பேசினார்கள். இருபத்தாறு வருசத்தில் நானும் உங்கள் தங்கையும் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

நேற்று கடையில் கூட்டம் நெரிகிற நேரம், மாரீஸ்வரனே ஜீப்பில் வந்து மூன்று சாக்குகளை இறக்கினார். எல்லாம் சரிவில் பொறுக்கிய கவர். "உங்க சரக்கு மாமா, உங்ககிட்டயே சேத்துட்டேன்." பெண் கொடுக்குமுன்னே நான் இவருக்கு மாமாவா? கல்லாவிலிருந்த பவதாரணி எழுந்து போய், ஏலக்காயைத் தரம் பிரிப்பதுபோல அவரோடு கவரைப் பிரிக்கிறாள். நம் கடைக்கு ஒரு குவியல், ஊர்க் கடைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு குவியல். நம் குவியல்தான் உசரம். ஏலக்காய் ஏலத்துக்கு வந்த வியாபாரிகள் வட்டமாக நின்று சிரிக்கிறார்கள். உங்கள் தங்கை அவர்கள் இருவருக்கும் மட்டும் டீ கொடுத்தனுப்புகிறாள்.

ஆகவே மச்சான், இந்தச் சம்பந்தத்தை நாசூக்காக முறித்துவிட்டு வெரசாக வேறு வரன் பாருங்கள். கவர் கம்பெனி வைத்திருக்கிற பையன் கிடைத்தால் ஜாதகம்கூட வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி பாண்டீஸ்வரி அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் காய் பச்சை மாறாமல் இருக்க முருகன் துணை.

இப்படிக்கு,
பாண்டியராஜன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பவதாரணி படித்துவிட்டாள். காலண்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை நிச்சயத் தட்டு மாற்றுகிறோம். தாய்மாமன் சீரை ஓலைப்பெட்டியில் கொண்டு வாருங்கள். கவரோடு வந்தால் வாசலிலேயே மறிப்பேன் என்று மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.