எல்லாவற்றையும் ஏற்கிறேன்

இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கீழே ஒரு பெட்டி எழும்பி, குக்கீகளை ஏற்கிறீர்களா என்று கேட்கும். நீங்கள் எங்கே போனீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொண்டு பின்னாலேயே வரப்போகும் உளவாளிக்கு உங்களிடமே அனுமதி வாங்குகிற மரியாதை அது. அதை முழுக்கப் படித்துவிட்டு 'வேண்டாம்' என்று சொல்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்களாம். நான் 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' ரகம். (கணினித் துறையில் பன்னிரண்டு வருட அனுபவம். வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

இது நடந்த சமயத்தில் என் மாமனார் ஏகாம்பரம் அம்பத்தூரில் எங்கள் ஃபிளாட்டில் தங்கியிருந்தார். முத்தாபுதுப்பேட்டையில் அவருடைய பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பகலில் நானும் என் மனைவி கவிதாவும் வேலைக்குப் போய்விடுவோம். வீட்டில் இருந்த என் மடிக்கணினிதான் அவருக்குப் பேச்சுத்துணை. மாடுகள் பற்றிய வீடியோக்கள் பார்க்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். மற்ற இல்லங்கள் எப்படிச் செய்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்து இருபது முப்பது தளங்களை மேய்ந்தேன். கேட்ட அத்தனை பேருக்கும் அனுமதி கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து மாமனார் மாறிப்போனார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். கவிதா காபி கொடுத்தால், "உனக்கு எதுக்கும்மா செரமம்?" என்றார். எவ்வளவு பண்பான மனிதர் என்று எனக்குப் பெருமை வேறு. புதன்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால், தன் சட்டைகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"அத நீதான் சொல்லணும் மாப்ள. பொட்டியைத் தொறந்தா, 'அப்பாவை எங்களிடம் விடுங்கள், நிம்மதியாக இருங்கள்'னு வந்துகினே கீது. பாட்டு கேக்கப் போனாலும் அதான், மழை வருமான்னு பாக்கப் போனாலும் அதான். வாயால சொல்லியிருந்தா நானே போயிருப்பேனே."

பக்கத்தில் நின்ற கவிதா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆபீஸ் வேலை, குக்கீ, விளம்பரம் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நான் பொய் சொல்கிற மாதிரி இருந்தது. அவள் போனை எடுத்து அண்ணன் டில்லியை அழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டில்லி மனைவியோடு வந்து இறங்கினான். ஆதாரத்தோடு நிரூபித்துவிடுவது என்று நான் மடிக்கணினியை டிவியில் இணைத்தேன். (யாரும் கேட்கவில்லை. என் சொந்த யோசனை.) ஒரு செய்தித் தளத்தைத் திறந்ததும் முதியோர் இல்லம் வந்து நின்றது.

"பார்த்தீங்களா? இந்தக் கம்ப்யூட்டர்ல எதைப் பார்க்கிறோமோ அதுதான் விளம்பரமா துரத்தும்."

"பாக்காதது வராதா மச்சான்?" என்றான் டில்லி.

"சத்தியமா வராது!"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெற்றிக் களிப்பில் பக்கத்தைக் கீழே தள்ளினேன். நாற்பத்து மூன்று அங்குலத் திரை முழுக்க, தலை நிறைய மல்லிகைப் பூவோடு ஒரு நரைத்த அம்மாள் சிரித்தார். 'அறுபதுக்குப் பின் ஒரு துணை! வேப்பம்பட்டுப் பகுதியில் நீங்கள் பார்த்த வரன்கள் காத்திருக்கிறார்கள்.'

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, தோள் துண்டின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருடமாக மத்தியானச் சோற்றைத் தனியாகச் சாப்பிடுகிற மனிதர் என்பது அந்த நேரத்தில்தானா என் மண்டைக்கு உறைக்க வேண்டும்?

"நான்தான் பார்த்தேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றாள் கவிதா.

"ஆபீஸ் வேலை."

"முதியோர் இல்லமும் ஆபீஸ் வேலை, முதியோர் கல்யாணமும் ஆபீஸ் வேலையா?"

டில்லி விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மச்சான், என் தங்கச்சி சமையல் புடிக்கலியா? பாட்டிங்க கையாலதான் துன்னணுமா?"

கவிதா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நடுவில் ஒரே ஒரு வாக்கியம்: "எனக்கு அறுபது ஆகிற வரைக்கும் பொறுத்துக்க முடியாதா?"

டில்லி வந்துபோன மறுநாள் மாமனார் என்னை பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"மாப்ள, அந்தக் குக்கீய எப்டி அழிக்கிறதுன்னு சொல்லிக் குடு."

அன்றுதான் நானும் வாழ்க்கையில் முதல்முறையாக பிரவுசரின் செட்டிங்ஸ் பக்கத்தைப் படித்தேன். பழைய குக்கீகளை அழிப்பது, பின்தொடர்பவற்றைத் தடுப்பது, வீட்டில் பார்க்கிறவர்களுக்குத் தடயம் மிஞ்சாத தனி ஜன்னலில் திறப்பது. எல்லாவற்றையும் அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

"யாரு மாமா அவங்க?" என்றேன் மெதுவாக.

"ரிட்டையர் ஆன டீச்சரு. நாலே நாலு மெசேஜ்தான் போட்டுக்கீறேன்" என்றார், காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையனைப் போல.

வீடு கட்டி முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து அவரே விஷயத்தைச் சொன்னார். ஒரு மாதம் புயல் அடித்தது. கவிதா அழுதாள், டில்லி வீட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு இரண்டு பேருமாக வேப்பம்பட்டுக்குப் போய் அந்த டீச்சரைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள். ஆவடியில் பதிவுத் திருமணம். அன்றைக்கு எல்லோர் முன்னாலும், "அந்த விளம்பரம் என்னுது. மாப்ள எனக்காகப் பழிய ஏத்துக்கினாரு" என்று மாமனார் போட்டு உடைத்தார்.

எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எங்கே! எந்த விசேஷத்துக்குப் போனாலும் டில்லி என் தோளில் கை போட்டு, புதியவர்களிடம் இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறான்: "இவுருதான் எங்க மச்சான். பாட்டி தேடிக்கினு போயி, எங்களுக்கு அம்மாவப் புடிச்சிக்கினு வந்தவரு."

எல்லோரும் சிரிப்பார்கள். என் புது மாமியார் மட்டும் ஒவ்வொரு முறையும் விரலை உயர்த்தி டில்லியைத் திருத்துவார். பாட்டி என்று சொல்லக் கூடாதாம். அப்போது அவருக்கு அறுபத்தொன்றுதானாம்.